வட்டப்புழு ஏன் செட்டை கழற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர உயிரியல் வகுப்பில் வட்டப்புழுவைத் தொட்டவுடன் பிள்ளைகள் கேட்பவை ஒரு வகை. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் முடிச்சு விழுந்த தக்காளி வேரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவை இன்னொரு வகை. பூச்சிக் குளிசை வாங்கிய கையோடு தாய்மார் கேட்பவையும் உண்டு. எல்லாம் சுற்றிச் சுற்றிப் புழுவின் மேலுறையில், அதாவது செட்டையில், வந்து நிற்பதால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். விடைகளில் பெரும்பாலானவை சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற வட்டப்புழுவில் கண்டறியப்பட்டவை. முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றர்தான் நீளம். அழுகும் பழங்களிலும் மண்ணிலும் பற்றீரியாவைத் தின்று வாழும், யாருக்கும் தீங்கில்லை. கீழே ‘எலிகன்ஸ்’ என்று மட்டும் எழுதுகிறேன்.

மண்புழுவும் நாடாப்புழுவும் வட்டப்புழுவோடு சேருமா?

சேராது. மண்புழு வளையங்களால் ஆன உடல் கொண்டது, நாடாப்புழு தட்டையானது. இரண்டும் செட்டை கழற்றுவதில்லை. வட்டப்புழு என்பது வயிற்றில் வரும் அஸ்காரிஸ், கொழுக்கிப்புழு, பிள்ளைகளை இரவில் சொறிய வைக்கும் கீரிப்பூச்சி, யானைக்கால் நோய்ப் புழு, தோட்டத்து வேர்முடிச்சுப் புழு என்று நீளும் கூட்டம்.

இவற்றுக்கு நெருங்கிய உறவு யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1997இல் பல விலங்குகளின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், வட்டப்புழுக்கள் மண்புழுவை விட்டுவிட்டு நண்டு, இறால், பூச்சிகளின் பக்கம் போய் நிற்பதைக் கண்டார்கள். மேலுறையைக் கழற்றி வளர்கிற விலங்குகள் எல்லாம் ஒரு பெருங்குடும்பம் என்ற கருத்து அங்கிருந்து வந்தது.

செட்டை என்று சொல்வது எதை? அது தோல்தானே?

உயிருள்ள தோல் அதற்கு அடியில் இருக்கிறது. மேற்றோல் கலங்கள் வெளிப்பக்கமாகச் சுரந்து கட்டியெழுப்பும் உறைதான் செட்டை, ஆங்கிலத்தில் கியூட்டிக்கிள். அதில் கலம் கிடையாது. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். எங்கள் தோலிலும் தசைநாரிலும் இருப்பதன் உறவுக்காரன். எலிகன்ஸில் மேலுறைக் கொலாஜனுக்கு மட்டும் 170 வரையான ஜீன்கள் இருக்கின்றன. மொத்தமே ஏறத்தாழ 20,000 புரத ஜீன்கள் உள்ள புழுவுக்கு இது பெரிய ஒதுக்கீடு.

கொலாஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று புரதச் சங்கிலிகள் முறுகி உண்டானது. பனந்தும்பில் மூன்று புரியை முறுக்கிக் கயிறு திரிப்பதை யோசித்துக்கொள்ளுங்கள்: ஒரு புரியில் சிம்பு நின்றாலும் முறுக்குச் சரியாக விழாது. அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு டைரோசின் என்ற அமினோ அமிலங்களுக்கிடையில் குறுக்குப் பிணைப்புப் போடும் நொதியங்கள் உண்டு. வெளிப்புறம் கொழுப்பும் சர்க்கரைப் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு. உள்ளே திரவ அழுத்தத்தை வைத்துக்கொண்டு உடலை விறைப்பாக நிறுத்துவது, தசை இழுக்கும்போது பிடிகொடுப்பது, கிருமி நுழையாமல் காப்பது எல்லாம் இந்த உறையின் வேலை.

தொண்டையின் உட்புறமும் மலவாயின் உட்புறமும்கூட இதேபோன்ற உறையால் வரியப்பட்டிருக்கும். கழற்றும்போது அவையும் கழன்று வர வேண்டும்.

எத்தனை தரம் கழற்றும்?

நான்கு. முட்டைக்குள்ளேயே முதல் செட்டை போட்டுவிடும். பிறகு நான்கு குடம்பிப் (இளம்புழு) பருவங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கழற்றல். ஆக வாழ்நாளில் ஐந்து செட்டைகள். 20 பாகை செல்சியசில் எலிகன்ஸ் முட்டையிலிருந்து முதிர்புழு ஆவதற்கு மூன்று நாள், மூன்றரை நாள் போதும். நான்கு என்ற கணக்கு ஒட்டுண்ணிகளுக்கும் பொருந்தும். எங்கே கழற்றுகிறது என்பதுதான் மாறும்: யானைக்கால் புழு இரண்டு தரம் நுளம்புக்குள், இரண்டு தரம் மனிதருக்குள்.

சேர், உடம்பு பெருக்க உறை இறுகிப்போகிறது, அதனால் கழற்றுகிறது. இப்படி எழுதினால் சரிதானே?

நண்டுக்கும் இறாலுக்கும் எழுதலாம். வட்டப்புழுவுக்கு எழுதினால் நான் புள்ளி குறைப்பேன்.

எலிகன்ஸ் குடம்பி வளர்வது இரண்டு கழற்றல்களுக்கு நடுவில். அந்த நேரம் பழைய உறையும் சேர்ந்தே பெருக்கிறது. கழற்றும் நேரம் நெருங்கினால் சாப்பாடு நின்று, வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. கடைசிக் கழற்றல் முடிந்து முதிர்புழு ஆன பிறகும் புழு தொடர்ந்து பெருக்கும், அதற்காக இன்னொரு தரம் செட்டையைக் கழற்றாது. அஸ்காரிஸைப் பாருங்கள். சிறுகுடலில் கடைசிச் செட்டையைக் கழற்றும்போது அது சின்னப் புழு. அதன்பின் ஒருமுறையும் கழற்றாமலே பெண்புழு 20 முதல் 35 சென்ரிமீற்றர் வரை வளர்கிறது. உறை இறுகுவதுதான் காரணம் என்றால் இது நடக்கவே முடியாது.

எதிர்ப்பக்கச் சான்று எங்கள் தோட்டத்திலேயே கிடைக்கிறது. வேர்முடிச்சுப் புழு முதல் செட்டையை முட்டைக்குள் கழற்றிவிட்டு இரண்டாம் பருவக் குடம்பியாக வெளியே வந்து வேருக்குள் நுழைகிறது. சாறு உறிஞ்சிக் கொஞ்சம் தடித்ததும், அடுத்த மூன்று கழற்றல்களையும் அடுக்கடுக்காகச் செய்து முடித்துவிடுகிறது. இடையில் வரும் மூன்றாம், நான்காம் பருவங்களுக்கு வேரைக் குத்தும் ஊசியே இல்லை. அவை ஒன்றும் உண்பதில்லை. வேரைக் கீறி நுணுக்குக்காட்டியில் வைத்தால், கூர்வால் கொண்ட பழைய இரண்டாம் பருவ உறைக்குள்ளேயே, வால் மழுங்கிய அடுத்த புழு படுத்திருப்பதைக் காணலாம். அங்கே பெருத்தது ஒன்றுமில்லை, இறுகியதும் ஒன்றுமில்லை. பெரிய வீக்கமெல்லாம் எல்லாச் செட்டையும் கழன்ற பிறகு, பெண்புழு பேரிக்காய் வடிவத்துக்கு வரும்போதுதான்.

அப்படியானால் எதற்காகக் கழற்றுகிறது? ஒவ்வொரு பருவத்தின் உறையும் வேறு. எலிகன்ஸின் முதல் குடம்பிக்கு உடலின் இருபுறமும் நீளவாக்கில் மெல்லிய வரம்புகள் இருக்கும். இரண்டாம், மூன்றாம், நான்காம் பருவங்களில் அவை இல்லை. முதிர்புழுவில் வேறொரு வடிவில் திரும்ப வருகின்றன. முதிர்புழுவின் உறையில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே திரவமும், அதில் கம்பம் நட்டதுபோன்ற தாங்குதூண்களும் உண்டு. குடம்பிகளுக்கு அந்தத் தூண்கள் கிடையா. கொழுக்கிப்புழுவின் மூன்றாம் பருவம், இரண்டாம் பருவத்தின் செட்டையைக் கழற்றியும் எறியாமல் மேலே போர்த்தபடி மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலில் தோலைத் துளைத்து நுழையும்போதுதான் அதை விடும். வாழும் இடமும் வாழும் முறையும் மாறுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிய உறை. மாற்றும் வேளையைத் தீர்மானிப்பது உடலின் பருமன் அல்ல, உள்ளே ஓடும் ஒரு காலக்கணக்கு. மற்றக் கேள்விகளின் விடைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கழற்றும் நேரத்தில் என்னதான் நடக்கிறது?

முதலில் புழு அடங்கிப்போகும். ஊர்வது குறையும், தொண்டையின் துடிப்பு நிற்கும், வாய் அடைபடும். இரண்டு மூன்று மணி நேரம் நீளும் இந்த நிலையை நித்திரை என்றே ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மெதுவாகத் தட்டினால் உடனே எழும்பாது, பலமாகத் தட்டினால் எழும்பும். குழப்பி எழுப்பினால் பிறகு கூடுதலாகத் தூங்கும்.

அந்த அடக்கத்துக்குள் மேற்றோல் கலங்கள் பழைய உறையிலிருந்து பிரிந்து, அடியில் புதிய உறையைச் சுரக்கின்றன. புதியது தயாரானதும் புழு விழித்துத் தன் நீள அச்சில் இப்படியும் அப்படியும் புரண்டு புரண்டு பழையதைத் தளர்த்தும். தொண்டைக்குள் இருக்கும் வரி உறை உடைந்து, முன்பகுதி வெளிச் செட்டையோடு வாயால் வெளியேறும், பின்பகுதியைப் புழு விழுங்கிவிடும். கடைசியாகத் தலையைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் தள்ளி, மூக்கு முனையில் இருக்கும் தொப்பியை உடைத்து ஊர்ந்து வெளியே வரும். பின்னால், புழு வளர்க்கும் ஏகார்க் கூழில் கண்ணாடிபோல் ஒரு வெற்றுறை கிடக்கும்.

இதில் எந்த இடத்தில் சிக்கினாலும் புழுவுக்கு ஆபத்து. வாய் முனையில் கழலாவிட்டால் பட்டினி. இடுப்பில் கழலாவிட்டால் இரண்டு பக்கமும் பருத்து நடுவில் இறுக்கிக் கட்டியதுபோல் ஆகிவிடும்.

கட்டளையிடுவது எந்தப் பரம்பரையலகு? ஒரே ஒரு ஜீனா?

ஒன்று என்று சொல்லிவிட்டால் மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையால் எலிகன்ஸின் ஜீன்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தபோது, அடக்கினால் செட்டை கழற்ற முடியாமல் போகும் ஜீன்கள் 159 கிடைத்தன. அவற்றில் கொலாஜன்கள் உண்டு, புரதத்தை அறுக்கும் நொதியங்கள் உண்டு, அறுப்பதைத் தடுக்கும் புரதங்கள் உண்டு, மற்ற ஜீன்களை ஏவும் புரதங்களும் உண்டு.

ஏவுகிறவர்களில் முதன்மையானது என்.எச்.ஆர்-23. டி.என்.ஏ.யில் உட்கார்ந்து மற்ற ஜீன்களைத் திறக்கும் புரதம் அது. ஒவ்வொரு குடம்பிப் பருவத்திலும் ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கும். அது இல்லாவிட்டால் குடம்பி பழைய உறைக்குள் சிறைப்படும். கூடவே என்.எச்.ஆர்-25, ஜி.ஆர்.எச்-1, எம்.வை.ஆர்.எஃப்-1, பி.எல்.எம்.பி-1 என்று இன்னும் சில. ஒன்றின் அளவு மற்றொன்றைப் பாதிப்பதால் கூட்டமாகவே தாளம் போடுகின்றன.

அந்தத் தாளத்தின் வீச்சு பெரியது. மணிக்கு மணி புழுக்களை எடுத்து ஆர்.என்.ஏ. அளந்து பார்த்தபோது, 3,000க்கும் மேற்பட்ட ஜீன்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை ஏறி இறங்குவது தெரிந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை. மேலுறையின் குறுக்கு வரிப்பள்ளங்களைக் கட்டும் டம்பி-7, டம்பி-10 போன்ற கொலாஜன்கள் முதலில் வருகின்றன. சில மணி நேரம் கழித்து மற்றக் கொலாஜன்கள். பிறகு பழைய உறையை அறுத்துத் திறக்கும் நாஸ்-37 என்ற நொதியத்தின் முறை. நாஸ்-37 பழுதானால் புதிய உறையெல்லாம் சரியாக அமைந்திருக்கும், பழையதைத்தான் முழுதாகக் கழற்றிவிட முடியாது.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: லின்-42. பழ ஈயில் பகல் இரவுக் கணக்கை நடத்தும் ‘பீரியட்’ ஜீனின் உறவு அது. இது பழுதான புழுக்களில் ஒரு கழற்றலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம் தாறுமாறாகிறது. ஆனால் பகல் இரவுக் கணக்கு சூட்டில் விரைவதோ குளிரில் பிந்துவதோ இல்லை. புழுவின் கணக்கு இரண்டும் செய்யும்: 15 பாகையில் மெல்ல, 25 பாகையில் வேகமாக. அதற்கு மேலே போனால் எலிகன்ஸ் ஒழுங்காக இனம்பெருக்காது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மேசையில் வைத்து இதை வளர்க்க நினைக்காதீர்கள். குளிரூட்டிய அடைகாப்பி தேவை, மின்சாரம் போகாமலும் இருக்க வேண்டும்.

பூச்சிகளில் எக்டைசோன் ஓமோன் என்று படித்தோம். புழுவிலும் அதுதானா?

பூச்சியில் செட்டை கழற்றத் தூண்டும் ஓமோனான எக்டைசோன் தன் ஏற்பியில் பிடித்ததும் ஒரு ஜீன் அடுக்கு திறக்கிறது. எலிகன்ஸின் மரபுத்தொகுதி 1998இலேயே வாசிக்கப்பட்டுவிட்டது; அந்த ஏற்பியின் தெளிவான இணை அதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஏற்பிக்குக் கீழே வேலை செய்யும் ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். மேலே சொன்ன என்.எச்.ஆர்-23உம் என்.எச்.ஆர்-25உம் பூச்சியில் எக்டைசோன் எழுப்பும் புரதங்களின் இணைகள்தான். யானைக்கால் நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த புருகியா புழுவில் அந்த ஏற்பியும் இருக்கிறது. ஆக, ‘வட்டப்புழு’ என்று மொத்தமாகப் போட்டு ‘எக்டைசோன்’ என்று எழுதுவது சரியில்லை. எலிகன்ஸில் கழற்றலைத் தொடக்கும் ஓமோன் எதுவென்று இன்னும் உறுதியாகப் பிடிபடவில்லை.

ஸ்ரெரோயிட் வகை ஏதோ ஒன்று தேவை என்பதற்கு ஒரு தடயம் உண்டு. இந்தப் புழுவால் கொலஸ்ட்ரோலைத் தானாகச் செய்ய முடியாது. ஆய்வுகூடத்தில் ஊட்ட ஏகார் காய்ச்சும்போது லீற்றருக்கு 5 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் சேர்ப்பது வழக்கம். அதை நிறுத்தினால் வளர்ச்சி குன்றும், செட்டை கழலாமல் சிக்கும். மேற்றோலின் வெளிமுகத்தில் இருந்து பொருள்களை உள்ளே வாங்கும் எல்.ஆர்.பி-1 என்ற புரதம் பழுதானாலும் அதே கோலம். அதன் மனித உறவு எங்கள் சிறுநீரகத்தில் இருக்கும் மெகலின்.

கொலாஜன் ஜீன் ஒன்று பழுதானால் புழு செத்துப்போகுமா?

பெரும்பாலும் சாகாது, உருவம்தான் மாறும். இந்தப் பாடத்தில் கண்ணால் பார்த்து ரசிக்கக்கூடிய பகுதி இது.

சிட்னி பிரென்னர் 1974இல் எலிகன்ஸின் பிறப்புரிமையியலைத் தொடக்கிவைத்த கட்டுரையிலேயே குள்ளன், நெட்டை, கொப்புளம், உருளி என்று விகாரப் புழுக்களைத் தரம் பிரித்தார். பின்னாளில் அந்த ஜீன்களைப் பிடித்துப் பார்த்தபோது பலவும் மேலுறைக் கொலாஜன்களாகவோ அவற்றைப் பதப்படுத்தும் நொதியங்களாகவோ இருந்தன. ரோலர்-6 என்ற ஜீனின் பெயர்பெற்ற விகாரத்தில் ஓர் அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது, ஆர்ஜினின் இருந்த இடத்தில் சிஸ்ரின். அதற்கே முழு உறையும் முறுகி, புழு நேராகப் போக முடியாமல் தன் உடலைத் திருகிக்கொண்டு வட்டம் அடிக்கிறது. பெற்றிக் கிண்ணத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பற்றீரியாப் படையில் வளையம் வளையமாகத் தடம் தெரியும். சாதாரணப் புழுவின் தடம் நெளிந்து நீளமாகப் போகும்.

டம்பி-7 இல்லாவிட்டால் புழு குட்டையாகத் தடித்துவிடும். அதோடு குறுக்குப் பள்ளங்களைக் கட்டும் ஆறு கொலாஜன்களில் ஒன்று குறைந்தாலும் பள்ளமே அமையாது. மற்ற ஐந்தும் இருந்தும் பயனில்லை. அப்போது மேற்றோல் கலங்கள் காயம் பட்டதுபோல் எண்ணி, கிருமியே இல்லாமல் கிருமி எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கத் தொடங்கும். பிளிஸ்டர்-1, பிளிஸ்டர்-2 பழுதானால் முதிர்புழுவின் தாங்குதூண்கள் இல்லாமல் உறையில் திரவம் கோத்துக் கொப்புளம் எழும். குடம்பியில் அந்தக் கொப்புளம் வராது, ஏனென்றால் குடம்பிக்குத் தூணே இல்லை.

சாவு வருவது பதப்படுத்தும் நொதியங்களில். கொலாஜனின் புரோலினில் ஐதரொட்சில் சேர்க்கும் டம்பி-18ஐ இழந்தால் குள்ளன்தான், பிழைத்துக்கொள்ளும். அதன் துணையான பி.எச்.வை-2ஐயும் சேர்த்து இழந்தால் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். எங்கள் உடலில் இதே வேலையைச் செய்யும் நொதியத்துக்கு விற்றமின் சி வேண்டும். கிடைக்காதபோது வரும் நோய்தான் முரசில் இரத்தம் கசியும் ஸ்கேர்வி.

நாலோடு நிறுத்த வேண்டும் என்று புழுவுக்கு யார் சொல்வது?

2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

லின்-4 என்ற ஜீன் பழுதான புழு, வயது போனாலும் முதல் குடம்பியின் வேலைகளையே திரும்பச் செய்துகொண்டிருக்கும். முதிர்புழுவுக்குரிய செட்டையைப் போடாது, நாலுக்கு மேலும் கழற்றும். அந்தப் பரிசைப் பெற்ற விக்ரர் அம்புரோசும் கரி ரவ்குனும் 1993இல் கண்டது, லின்-4 புரதமே செய்யவில்லை என்பதை. அது தருவது 22 எழுத்து நீளமான ஒரு துண்டு ஆர்.என்.ஏ. அந்தத் துண்டு லின்-14 ஜீனின் தூது ஆர்.என்.ஏ.யில் போய் ஒட்டி, லின்-14 புரதம் உண்டாவதை அடக்குகிறது. அடங்கினால்தான் அடுத்த பருவம்.

லின்-28 இதன் மறுபக்கம். அதை இழந்த புழு அவசரக்காரன். மூன்றாவது கழற்றலோடேயே முதிர்புழுவின் செட்டையைப் போட்டுவிடும்.

கடைசிப் பருவத்தில் லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. ஏறுகிறது. அது லின்-41ஐ அடக்க, அடங்கியிருந்த லின்-29 எழும்புகிறது. லின்-29 எழும்பியதும் குடம்பிக் கொலாஜன் ஜீன்கள் மூடி, முதிர்புழுவின் கொலாஜன் ஜீன்கள் திறக்கும். பக்கக் கலங்கள் ஒன்றோடொன்று இணையும். கழற்றும் சுற்று நிற்கும். லெட்-7 இல்லாத புழுவோ லின்-29 இல்லாத புழுவோ நாலு முடிந்தும் ஐந்தாவதைக் கழற்றப் பார்க்கும். லெட்-7 என்.எச்.ஆர்-23ஐயும் அடக்குவதாகப் பிந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பருவக் கணக்கும் கழற்றல் கணக்கும் சந்திக்கும் இடம் அது.

லெட்-7 கண்டறியப்பட்டது 2000இல். அதே ஆண்டில் மனிதரிலும் மீனிலும் ஈயிலும் அதே துண்டு இருப்பது தெரிந்துவிட்டது.

சாப்பாடு கிடைக்காவிட்டால்?

காலக்கணக்கு நின்றுவிடும், ஆனால் எங்கே வேண்டுமானாலும் நிற்காது. ஒரு செட்டையைக் கழற்றி முடித்த கட்டத்தில்தான் நிற்கும். பாதியில் விட்டால் ஆபத்து என்பது மேலே தெரிந்ததே. உணவில்லாத இடத்தில் பொரித்த குடம்பி முதல் செட்டையோடேயே வாரக்கணக்கில் காத்திருக்கும்.

நெரிசலும் பட்டினியும் சூடும் சேர்ந்தால் வேறு வழி திறக்கும். மூன்றாம் பருவத்துக்குப் பதிலாக ‘டௌவர்’ என்ற தாங்கும் குடம்பி ஆகிவிடும்: வாய் மூடி, உறை தடித்து, பக்க வரம்புகளோடு, மாதக்கணக்கில் உண்ணாமல். சாதாரணக் குடம்பியைக் கொன்றுவிடும் சவர்க்காரக் கரைசலில் இது உயிரோடு கிடக்கும்.

பூச்சிக் குளிசை குடுத்தால் புழு செட்டை கழற்ற ஏலாமல்தான் சாகிறதா?

இல்லை, அம்மா. மெபென்டசோல், அல்பென்டசோல் இரண்டும் புழுவின் கலங்களுக்குள் டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டி, அது சேர்ந்து நுண்குழாய் ஆவதைத் தடுக்கின்றன. குளுக்கோசை உள்ளே எடுக்க முடியாமல் புழு வாடிச் சாகும். லெவாமிசோல், பைரன்டெல் போன்றவை தசையை விறைக்க வைத்துப் புழுவை முடக்குபவை. செட்டை கழற்றலைக் குறிவைத்து மனிதருக்குக் கொடுக்கும் பூச்சி மருந்து இன்று பாவனையில் இல்லை.

கிட்ட வருவது ஒன்றுண்டு. யானைக்கால் புழுக்களுக்குள் வொல்பாக்கியா என்ற பற்றீரியா குடியிருக்கிறது. அது இல்லாமல் புழு வளராது. ரெட்ராசைக்கிளின் வகை மருந்தால் அந்தப் பற்றீரியாவைக் கொன்றால், ஆய்வுகூடத்தில் மூன்றாம் பருவம் நான்காம் பருவமாகக் கழற்றுவது தடைப்படுகிறது. இலங்கையில் அந்த நோய் பரவியிருந்தது மேல், தென், வடமேல் மாகாணங்களில். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

மாஸ்டர், வெள்ளை ஈக்கு அடிக்கிற, செட்டை கழட்ட விடாத மருந்தை வேரடியில ஊத்தினால் முடிச்சுப் புழு சாகாதோ?

ஊத்தாதேங்கோ அண்ணை. காசும் வீண், மண்ணும் கெடும். புப்ரோஃபெசின் மாதிரியான மருந்து பூச்சியின் மேலுறையில் கைற்றின் உண்டாவதைத் தடுக்கிறது. வட்டப்புழுவின் உடலுறை கொலாஜன்; கைற்றின் இருப்பது முட்டை ஓட்டிலும் தொண்டை வரியிலும்தான். எக்டைசோன்போல் நடித்துப் பூச்சியை ஏமாற்றும் மருந்துகள் பூச்சியின் ஏற்பிக்கென்றே செய்யப்பட்டவை. எந்த மருந்தானாலும் சிட்டையில் எழுதியிருக்கும் பயிருக்கும் பீடைக்கும் மட்டும் பாவியுங்கோ.

செட்டை ஜீன்களைக் குறிவைக்கும் ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. புழுவின் ஜீனை அடக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செடியே உண்டாக்கிக் கொடுக்கும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் அளவுக்கு அது வரவில்லை.

அப்ப இப்ப என்ன செய்யிறது?

முடிச்சுப் புழுவுக்கு ஒரு சுற்று முடிய எங்கள் சூட்டில் ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு பெண்புழு சில நூறு முட்டை இடும். அதனால் பிடுங்கிய வேரைப் பாத்தியிலேயே விட்டுவிடாமல் எடுத்து எரிப்பது முதல் வேலை. அறுவடை முடிந்து செடி பட்டபின்னும் வேரில் முட்டைக் கட்டி இருக்கும்.

எதிர்ப்புள்ள தக்காளி இனம் என்று விற்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மி-1 என்ற ஜீன். மண்ணின் வெப்பம் 28 பாகைக்கு மேல் போனால் அந்த எதிர்ப்புத் தளர்ந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் நட்டால் பயன் கிடைக்கலாம். பங்குனிக்குப் பின் அதை நம்பி இருக்க வேண்டாம். விதைப் பையில் இதை எழுதமாட்டார்கள்.

எங்கள் வெயிலை எங்களுக்கு உதவ வைப்பதுதான் நல்ல வழி. செம்மண்ணை நன்றாகக் கொத்தி, நீர் விட்டு ஈரமாக்கி, ஒளி புகும் மெல்லிய பொலித்தீனால் இறுக மூடி நான்கு முதல் ஆறு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் அவ்வளவு சூடு ஏற்றாது. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் விளிம்புகளைச் சாண் ஆழத்தில் புதைக்காவிட்டால் பொலித்தீன் பக்கத்து வளவில்தான் கிடக்கும். இடைப்போகத்தில் செவ்வந்தி (மேரிகோல்ட்) நட்டால் அதன் வேர்ப் பொருள் புழுவைக் குறைக்கும். வாய்க்கால் நீரும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும் புழுவைப் பாத்திக்குப் பாத்தி கொண்டுபோகும், ஆகவே முடிச்சு விழுந்த பாத்தியைக் கடைசியாகக் கொத்துங்கள்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் செட்டை கழற்றுவதைப் பார்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். அழுகும் வாழைத்தண்டின் அடியில் இருக்கும் ஈரமண் ஒரு பிடி எடுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டுங்கள். ஒரு புனலின் காம்பில் றப்பர் குழாய் மாட்டிக் கிளிப்பால் அடைத்து, புனலை நீரால் நிரப்பி, பொட்டலத்தைப் பாதி நனையும்படி வையுங்கள். ஓர் இரவில் புழுக்கள் துணியைக் கடந்து அடியில் இறங்கிவிடும். காலையில் கிளிப்பைத் தளர்த்தி முதல் சில துளிகளைக் கண்ணாடித் தட்டில் பிடியுங்கள்.

நெளிந்தோடும் புழுக்களை விடுங்கள். அசையாமல் கிடப்பவற்றைத் தேடி, தலை முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிக்கோடு இரட்டையாகத் தெரிந்தால், மூக்குக்கு முன்னால் வெறுமையான தொப்பிபோல் ஒன்று நின்றால், அதுதான் கழற்றிக்கொண்டிருக்கும் புழு. செத்த புழுவும் அசையாது. ஆனால் அதற்கு இரட்டைக் கோடு இருக்காது. தட்டு காயாமல் இடையிடையே ஒரு துளி நீர் விடுங்கள். எடுத்தது எந்த இனம் என்று பெயர் சொல்ல முயல வேண்டாம். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முடிந்ததும் மண்ணைக் கொதிநீர் ஊற்றிக் கொட்டி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.